பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் என்ன ஆகும்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் பரவை தாண்டினால் சமயநல்லூர். அங்கே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் என் தாய்மாமாவின் கடை. போர்டில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதாரை வைத்துப் பணம் எடுப்பது என்று எல்லாமே ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமுக்குள் நடக்கும். செமஸ்டர் லீவு விட்டால் எனக்கு அங்கேதான் டியூட்டி. சம்பளம் மதியம் பரோட்டா, சாயங்காலம் டீ.

அந்தக் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த ஒரு டெஸ்க்டாப் ஆப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெருமை அடிக்க வரவில்லை. எங்கே சொதப்பினேன் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஏன்னா, நம்ம காலேஜ் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நான் பார்த்த ஆப்களில் பாதி, என்னுடைய பழைய கோடு மாதிரியே இருக்கு.

கடையின் பிரச்சினை இதுதான். ஒரு சான்றிதழுக்கு ஆறேழு பேப்பர் ஸ்கேன் பண்ணணும். ஒரு போர்ட்டல் ஒரு சைஸ் கேட்கும், இன்னொன்று வேறு சைஸ் கேட்கும். மாமாவின் டெஸ்க்டாப் ஸ்க்ரீன் முழுக்க ‘ஸ்கேன்001’, ‘நியூ’, ‘நியூ1’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஒரிஜினல்’. ஒருத்தர் ரேஷன் கார்டு இன்னொருத்தர் விண்ணப்பத்தில் ஏறிவிடுமோ என்று அவருக்கு எப்போதும் பயம். “மாப்ள, படிக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே, இதுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா?” என்றார். கேட்ட மாத்திரத்தில் கீபோர்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட். அதனால் எலக்ட்ரான். பெயர் போட ஒரு பெட்டி. ‘ஸ்கேன்’ பட்டன், கமாண்ட் லைனில் ஓடும் நாப்ஸ்2 என்ற ஸ்கேனர் ப்ரோக்ராமைக் கூப்பிடும். ‘சுருக்கு’ பட்டன், ஃபைல் சைஸைக் குறைக்கும். ‘அழி’ பட்டன், வேலை முடிந்ததும் அந்த ஆளுடைய ஃபோல்டரை நீக்கும். ஆதார் நகல் கடையில் தங்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த பட்டன் அது. இதற்கு மேல் ஒரு கூகுள் ஃபார்ம். வீட்டிலிருந்தே பெயரும் என்ன வேலை என்பதும் போட்டு அனுப்பினால், என் ஆப்பில் ‘இன்றைய வரிசை’ என்று லிஸ்ட் வரும். லிங்க்கை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மாமா பெருமையாகப் போட்டார்.

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல். பிரவுசரில் நாம் திறக்கும் பக்கம் நம் ஹார்ட் டிஸ்க்கைத் தொட முடியாது, இன்னொரு ப்ரோக்ராமை ஓட்டவும் முடியாது. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் இருப்பதால்தான் முன்பின் தெரியாத ஆயிரம் வெப்சைட்டைத் தைரியமாகத் திறக்கிறோம். டெஸ்க்டாப் ஆப்புக்கு அந்தச் சுவரைத் தாண்டி வேலை ஆகணும். ஸ்கேனர், ஃபோல்டர், பிரின்டர் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். அதனால் எலக்ட்ரான் ஒரே பெட்டிக்குள் குரோமியத்தையும் நோட் ஜேஎஸ்ஸையும் சேர்த்து வைத்திருக்கிறது. குரோமியம் பக்கத்தைக் காட்டும். நோட், ஃபைலைப் படிக்கும், எழுதும், அழிக்கும், எந்த ப்ரோக்ராமையும் ஓட்டும். ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு கதவு வைக்கணும் என்று முடிவு பண்ணுவது ஆப் எழுதுகிற நாம்.

இந்த விஷயத்தில் எலக்ட்ரான் வருஷா வருஷம் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2019-ல் வந்த 5-ஆம் வெர்ஷனிலிருந்து, பக்கத்துக்குள் நோட் தானாக நுழையாது. 2021-ல் வந்த 12-லிருந்து, பக்கத்தின் ஸ்க்ரிப்டும் நம் ப்ரீலோட் ஸ்க்ரிப்டும் தனித்தனி உலகத்தில் ஓடும். அதைத்தான் ‘கான்டெக்ஸ்ட் ஐசொலேஷன்’ என்கிறார்கள். 2022-ல் வந்த 20-லிருந்து சாண்ட்பாக்ஸும் தானாகவே ஆன். எல்லாம் நம்மைக் காப்பாற்ற வைத்த டிஃபால்ட்.

எனக்கு என்ன ஆச்சுன்னா, ‘ரிக்வயர் இஸ் நாட் டிஃபைன்ட்’ என்று எரர் வந்தது. தேடினேன். ஒரு வீடியோவில் மூணு வரி கொடுத்திருந்தார்கள். நோட் இன்டக்ரேஷன் ட்ரூ. கான்டெக்ஸ்ட் ஐசொலேஷன் ஃபால்ஸ். வெப் செக்யூரிட்டி ஃபால்ஸ். போட்டேன், எரர் போச்சு. கமென்ட்டில் ‘தேங்க்ஸ் ப்ரோ’ என்றுகூடப் போட்டேன். ஒரு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னபோது, ஷார்ட்கட்டில் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ டிக் அடித்தேன். அதுவும் போச்சு. மூணு வரி, ஒரு டிக். இருந்த சுவர் எல்லாம் தரைமட்டம். ஆப் சூப்பராக ஓடியது.

முதல் அறிகுறி ரெண்டு வாரத்தில் வந்தது. ஒரு கடைக்காரர் ஜிஎஸ்டி பேப்பர் ஸ்கேன் பண்ண வந்தார். பெயர்ப் பெட்டியில் மாமா கடைப் பெயரை அப்படியே அடித்தார். கடைசியில் ‘& சன்ஸ்’. ஸ்கேன் ஆனது, ஆனால் ஃபைல் பெயர் பாதியில் நின்றது. கறுப்பு விண்டோவில், ‘சன்ஸ்’ என்ற கமாண்ட் இல்லை என்று ஒரு வரி. விண்டோஸ் கமாண்ட் லைனில் ‘&’ போட்டால் ‘இது முடிந்ததும் அடுத்த கமாண்டை ஓட்டு’ என்று அர்த்தம். நான் பெயரைக் கமாண்டோடு ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக அனுப்பியிருந்தேன். வாடிக்கையாளர் பெயரின் ரெண்டாம் பாதியை என் ஆப் ஒரு கட்டளையாக நினைத்து ஓட்டப் பார்த்திருக்கிறது. அப்பவே பயந்திருக்கணும். நான் என்ன பண்ணினேன்? “மாமா, ‘அன்ட்’னு எழுத்துல அடிங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ரெண்டாவது அறிகுறி, அறிகுறி இல்லை, அடி. போன வருஷம் ஜூன் மாசம், பொறியியல் கவுன்சிலிங் சீசன். ராத்திரி எட்டரை மணி. கடை சாத்துகிற நேரம். மாமா ஒரு புது விண்டோ திறந்தார். பெயர்ப் பெட்டி காலி. பழைய ஆளுடைய விண்டோ என்று நினைத்து ‘அழி’யை அமுக்கினார். என் கோடு என்ன செய்தது? ‘ஸ்கேன்’ என்ற மெயின் ஃபோல்டரின் பாதையோடு பெயரைச் சேர்த்தது. பெயர் காலி. அப்போ மிச்சம் இருப்பது மெயின் ஃபோல்டர் மட்டும். அதை உள்ளே இருக்கிற எல்லாவற்றோடும் அழித்தது. நோட் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். ‘நிச்சயமா?’ என்று கேட்கக்கூட நான் ஒரு பெட்டி வைக்கவில்லை.

அதில் நாற்பது பேருக்கு மேல் முடியாத வேலை இருந்தது. நாற்பது பேரிடமும் ஒரிஜினல் இருந்தது என்பதுதான் ஒரே ஆறுதல். மறுநாள் காலையிலிருந்து மாமாவும் நானும் ஒவ்வொருத்தராகப் போன் போட்டோம். பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் ரெண்டும் செய்யவில்லை.

அந்த அக்கா வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறவர். மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் விண்ணப்பிக்க முந்தின நாள்தான் வந்திருந்தார். வீட்டில் டிகிரி முடித்தவர் யாரும் இல்லை. அந்தச் சான்று இருந்தால் கவுன்சிலிங்கில் சேரும் பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ் சலுகை கிடைக்கும். அன்றைக்கு சர்வர் ஸ்லோ. ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டு, “காலையில ஏத்திர்றேன்க்கா, நீங்க ஓடிபி மட்டும் சொல்லுங்க” என்று நான்தான் அனுப்பி வைத்தேன். விண்ணப்பம் ஏறினால் அதோடு முடியாது. விஏஓ பார்க்கணும், ஆர்ஐ பார்க்கணும், தாசில்தார் ஒப்புதல் கொடுக்கணும். கவுன்சிலிங்கில் சான்றிதழ் ஏற்ற ஒரு வாரம்தான் இருந்தது.

போனில் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பேப்பரு எங்கிட்டதான் இருக்கு தம்பி. திரும்ப எடுத்துக்கலாம். ஆனா ஷிஃப்டுக்குள்ள போனா போனை வெளிய வாங்கி வச்சிருவாக. ஓடிபி எப்படிச் சொல்றது? இன்னிக்கு லீவுதான் போடணும். ஒரு நாள் சம்பளம் போயிரும்” என்றார். கோபமே இல்லை. கணக்கு மட்டும் சொன்னார்.

பத்தரை மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமா சர்வீஸ் சார்ஜ் வாங்கவில்லை, ஒரு நாள் சம்பளத்தையும் கொடுக்கப் பார்த்தார். அந்த அக்கா வாங்கவில்லை. “அடுத்த தடவை ஒழுங்காப் பாத்துப் பண்ணுங்க, அது போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சான்றிதழ் கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்தது. இடையில் இருந்த அத்தனை நாளும் நான் அந்த போர்ட்டலை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

காலேஜ் திறந்ததும் எங்கள் டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருவரிடம் கோடைக் காட்டினேன். காலிப் பெயரை மட்டும் செக் பண்ணி சரி செய்திருந்தேன். அவர் அந்த மூணு வரியைப் பார்த்தார். “உன் வரிசை லிஸ்ட்டுக்குப் பெயர் எங்கிருந்து வருது?” என்றார். கூகுள் ஃபார்ம் என்றேன். “காட்டும்போது இன்னர் எச்டிஎம்எல்லா?” ஆமா என்றேன். “என் போன்ல இருந்து ஒண்ணு ட்ரை பண்ணட்டுமா?” சரி என்றேன்.

ஃபார்மில் பெயர் கேட்கும் இடத்தில் அவர் ஒரு இமேஜ் டேக் போட்டார். இல்லாத ஒரு படத்தைக் காட்டச் சொல்லி, படம் கிடைக்காவிட்டால் ஓட்ட வேண்டியது என்று ‘ஆன் எரர்’ல் ஒரு வரி. இன்னர் எச்டிஎம்எல் வழியாக வரும் ஸ்க்ரிப்ட் டேக் ஓடாது என்று படித்திருந்ததால் நான் தைரியமாக இருந்தேன். ஆனால் ‘ஆன் எரர்’ ஓடும். என் லேப்டாப்பில் லிஸ்ட் ரிஃப்ரெஷ் ஆனது. கால்குலேட்டர் திறந்தது.

நான் தொடவே இல்லை. யாரோ ஒருவர் போனில் பெயர் அடிக்க, என் மெஷினில் ஒரு ப்ரோக்ராம் ஓடுகிறது. கடையில் அதே ஆப் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஃபார்ம் லிங்க் ஊர் குரூப்பில் இருக்கிற எல்லார் கையிலும் இருந்தது. கால்குலேட்டருக்குப் பதிலாக, ஸ்கேன் ஃபோல்டரை அப்படியே வெளியே அனுப்பும் ஒரு வரியாக இருந்திருந்தால்? எங்களுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. காணாமல் போனால்தானே தேடுவோம்?

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது என்று. பாதுகாப்புக்கே பெயர் போன சிக்னலின் டெஸ்க்டாப் ஆப்பும் எலக்ட்ரான்தான். 2018 மே மாதம், வந்த மெசேஜில் இருக்கும் எச்டிஎம்எல் வெறும் எழுத்தாகத் தெரியாமல் பக்கத்தின் பாகமாகவே மாறுகிற ஓட்டை அதில் கண்டுபிடிக்கப்பட்டு, அவசரமாக அப்டேட் விட்டார்கள்.

வார லீவில் மாமாவிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “இது ஜாவா கதை மாதிரில இருக்கு” என்றார். அப்போதுதான் அந்தக் கதை தெரிந்தது. சின்ன கான்ட்ராக்டர்களுக்கு ஆன்லைன் டெண்டர் ஏற்றிக்கொடுக்கிற வேலையும் மாமா பார்த்தவர். டிஜிட்டல் கையெழுத்து ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். பிரவுசர் பக்கம் டோக்கனைத் தொட முடியாது. அதற்குப் பாலமாக ஜாவா ஆப்லெட் இருந்தது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, சரியான கையெழுத்து இல்லாத ஆப்லெட்டுகளைத் தடுக்க ஆரம்பித்தது. கூடவே ‘எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட்’ என்று ஒரு விதிவிலக்குப் பட்டியலும் கொடுத்தது. “ஜாவா கன்ட்ரோல் பேனலைத் தொற, சைட்டைச் சேரு, வர்ற மெசேஜுக்கெல்லாம் யெஸ் அமுக்கு. அதுதான் நாங்க படிச்ச படிப்பு. எதுக்கு யெஸ்னு யாரும் சொல்லலை” என்றார். 2015 செப்டம்பரில் குரோம் அந்த மாதிரி ப்ளக்இன்களை முழுசாக நிறுத்தியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் ஃப்ளாஷைத் தவிர மற்றதை நிறுத்தியது. அதற்கப்புறம், கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன ப்ரோக்ராம் ஓடும், பக்கம் அதனோடு லோக்கல்ஹோஸ்ட் வழியாகப் பேசும் என்று மாறிக்கொண்டது.

மாமா டேபிளில் இருக்கும் கைரேகை மெஷினும் அப்படித்தான். அதன் ‘ஆர்டி சர்வீஸ்’ 11100 முதல் 11120 வரையிலான போர்ட்டுகளில் ஏதோ ஒன்றில் காத்திருக்கும். பக்கம் அதனிடம் ‘ரேகை எடு’ என்று மட்டும் கேட்கலாம். திரும்பி வருவது என்க்ரிப்ட் பண்ணிய ஒரு பொட்டலம். ரேகை எப்படி இருக்கிறது என்று பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. தினமும் கண் முன்னாலேயே இருந்த டிசைன். நான் அதைப் பார்க்காமல், என் பக்கத்துக்கு மொத்த வீட்டுச் சாவியையும் கொடுத்து வைத்திருந்தேன்.

ஆப்பைத் திரும்ப எழுதினேன். கடை மெஷினில் ரேம் 4 ஜிபிதான். அதனால் விண்டோஸில் இருக்கும் வெப்வியூவையே பயன்படுத்தும் டௌரிக்கு மாறினேன். பேரைக் கேட்டதும் மாமா, “என்ன மாப்ள, அதுக்குள்ள வரதட்சணை பேசுற?” என்றார். ஒன்று சொல்லிவிடுகிறேன், எலக்ட்ரான் மேல் பழி இல்லை. ப்ரீலோடும் கான்டெக்ஸ்ட் பிரிட்ஜும் வைத்து இதே வேலையை அதிலும் ஒழுங்காகச் செய்யலாம்.

2024 அக்டோபரில் வந்த டௌரி 2-ல் ‘கேப்பபிலிட்டி’ என்று ஜேசன் ஃபைல் உண்டு. எந்த விண்டோவுக்கு எந்த அனுமதி என்று அதில் எழுதணும். ஃபைல் படிக்கிற அனுமதி கொடுத்தால், எந்த ஃபோல்டர் வரைக்கும் என்றும் சொல்லலாம். ஒரே பாதையை அனுமதியிலும் தடையிலும் போட்டால், தடைதான் ஜெயிக்கும். நான் உட்கார்ந்து யோசித்ததில், என் பக்கத்துக்கு ஃபைல் அனுமதியே தேவையில்லை என்று தெரிந்தது. ஷெல் அனுமதியும் தேவையில்லை. அதற்குத் தேவை நாலே வேலைதான்: வரிசையைக் கொடு, ஸ்கேன் பண்ணு, சுருக்கு, அழி. நாலையும் ரஸ்ட்டில் கமாண்டாக எழுதினேன்.

இங்கேயும் ஒரு தடவை ஏமாந்தேன். கேப்பபிலிட்டி ஃபைல் இருக்கே, அது எல்லாத்தையும் பார்த்துக்கும் என்று நினைத்தேன். டாக்குமென்டேஷனை மெதுவாகப் படித்தபோதுதான் தெரிந்தது: நாமே எழுதிப் பதிவு பண்ணும் கமாண்டுகள், நாம் தனியாகக் கட்டுப்படுத்தாவிட்டால், ஆப்பின் எல்லா விண்டோவுக்கும் திறந்தே இருக்கும். அதோடு, ஃபைல் ப்ளக்இன்னுக்குப் போட்ட எல்லை என் ரஸ்ட் கோடைக் கட்டாது. அது நேட்டிவ் கோடு, எதை வேண்டுமானாலும் அழிக்கும். அதற்குக் காவல் நான்தான் எழுதணும்.

அதனால் இப்போ பக்கம் பெயரையோ பாதையையோ அனுப்பாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண். பக்கம் ‘143-ஐ அழி’ என்று சொல்லும். 143 எந்த ஃபோல்டர் என்று ரஸ்ட் பக்கம்தான் முடிவு செய்யும். அந்த ஃபோல்டர் மெயின் ஃபோல்டருக்கு உள்ளே இருக்கிறதா, மெயின் ஃபோல்டரே இல்லையே என்று ரெண்டையும் பார்க்கும். எண் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அழித்தாலும் ஏழு நாள் தனி இடத்தில் கிடக்கும், அதற்கப்புறம்தான் போகும். ஸ்கேனரைக் கூப்பிடும்போது ஷெல் நடுவில் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனி ஆர்க்யுமென்ட். ‘& சன்ஸ்’ இப்போது வெறும் எழுத்து. கூகுள் ஃபார்ம் லிஸ்ட்டை ரஸ்ட் எடுத்து வரும். பக்கம் அதை எச்டிஎம்எல்லாகக் காட்டாமல் டெக்ஸ்ட்டாகக் காட்டும். வெளியே எந்த சர்வரோடும் பக்கம் பேசக்கூடாது என்று சிஎஸ்பி போட்டிருக்கிறேன்.

கடை மெஷினிலும் ஒரு மாற்றம். தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் யூசர் அக்கவுன்ட். அட்மினிஸ்ட்ரேட்டர் தனி, பாஸ்வேர்டோடு. இது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. பிரின்டர் டிரைவர் அப்டேட் வந்தால் பாஸ்வேர்ட் கேட்கும், கடையில் நாலு பேர் நிற்பார்கள். “எங் கடையிலயே என்னை யாருன்னு கேக்குது மாப்ள” என்று புலம்புவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் கொஞ்சம் நேரம் செலவாகத்தான் செய்யும். டார்ச் ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டால் மொபைலில் நாம் கடுப்பாகிறோம், ஏன்னா ஆண்ட்ராய்டு 2015-லிருந்தே நம்மிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. டெஸ்க்டாப்பில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை. இன்ஸ்டால் பண்ணிவிட்டால் நமக்கு என்னவெல்லாம் முடியுமோ அதெல்லாம் ஆப்புக்கும் முடியும் என்பதுதான் பழைய பழக்கம்.

இந்த ஜூனிலும் கடையில் இருந்தேன். அந்த அக்கா மகளோடு வந்தார், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு. மகள் இப்போ முதல் வருஷம் முடித்துவிட்டாள். ஸ்கேன் பண்ணி அப்போதே ஏற்றினேன், ஓடிபி வந்தது, ரசீது பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். “இந்தத் தடவை அழிஞ்சு போகாதுல தம்பி?” என்று சிரித்தார். “ஏழு நாள் வரைக்கும் போகாதுக்கா” என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. மாமா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது எலக்ட்ரானில் மினி ப்ராஜெக்ட் வைத்திருந்தால், இன்னைக்கு ராத்திரி அந்த மூணு வரி இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. உங்க ஆப்பில் ஏதாவது ஒரு பெயர்ப் பெட்டியில் உடைந்த இமேஜ் டேக் ஒன்று போட்டுப் பாருங்க. அப்புறம் அதே பெட்டியைக் காலியாக விட்டு ‘டெலீட்’ அமுக்கிப் பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி மறக்காம பேக்கப் எடுத்துருங்க.